கத்திரி வெய்யிலுக்கு அக்கினி நட்சத்திரம் என்ற பெயர் ஏன் வந்தது?

வானில் அக்கினி என்ற பெயரில் தனி நட்சத்திரம் இல்லை. கார்த்திகை நட்சத்திரத்துக்கு அதிதேவதை அக்கினி என்பது மிகப் பழைய வைதிக மரபு. அந்தக் கார்த்திகையைச் சூரியன் கடக்கும் நாட்களையே நம் முன்னோர் அக்கினி நட்சத்திரம் என்றனர். பஞ்சாங்கக் கணிப்பில் இக்காலம் பரணியின் மூன்றாம் பாதத்தில் தொடங்கி, கார்த்திகை முழுவதையும் கடந்து, ரோகிணியின் முதற்பாதத்தில் முடிகிறது. அதாவது ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. அந்நாட்களில் சூரியன் அருகிலேயே நிற்பதால் கார்த்திகையின் ஆறு மீன்களும் அதன் ஒளியில் மறைந்துவிடுகின்றன.

கத்திரி என்பது சோதிட நூல்களின் ‘கர்த்தரி’ என்ற வடசொல்லின் பேச்சுவடிவம். கத்தரிக்காய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. கண்ணனும் அருச்சுனனும் துணைநிற்க அக்கினி காண்டவ வனத்தை எரித்த பாரதக் கதையையும் பலர் காரணமாகச் சொல்வர். அது பெயருக்குப் பின்னர் பொருத்தப்பட்ட விளக்கம் என்றே நான் கருதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில்தான். ஆயினும் நிலம் வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டே போவதால், சித்திரை மழையும் ஓய்ந்து, சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று இன்னும் பலக்காத வைகாசித் தொடக்கத்தில், பெயருக்குரிய வெக்கையை இங்கும் உணர்கிறோம்.