அறைக்கு அறை வாசல் தெரிய

கேள்வி: வாசல் கேமராவின் ரெக்கார்டர் ஹால் டிவியில் மட்டும் இணைந்திருக்கிறது. முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாமியாரின் அறை டிவியிலும் அது தெரிய வழி உண்டா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: தாராளமாக முடியும், அம்மா. அறை பக்கத்திலேயே என்றால் எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் (ஒரே படத்தை இரண்டு டிவிக்குப் பிரித்து அனுப்பும் சின்னப் பெட்டி) போதும். ஆனால் 10 மீட்டரைத் தாண்டினால் சாதாரண கேபிளில் படம் விட்டுவிட்டு வரலாம். சுவரோரம் கேபிள் ஓடினால் மாமியார் கால் இடறவும் கூடும். அதனால் எனக்கு அதில் விருப்பமில்லை.

என் அம்மா வீட்டில் நான் செய்தது வேறு. ரெக்கார்டரை லேன் கேபிளால் ரௌட்டரில் செருகினேன். அமைப்புகளில் ஆர்டிஎஸ்பியை (கேமரா படத்தை வீட்டு நெட்வொர்க்கில் நேரலையாக அனுப்பும் வசதி) இயக்கி, அதன் முகவரியை ஆண்ட்ராய்டு டிவியின் விஎல்சி செயலியில் கொடுத்தேன். முக்கியமானது இதுதான்: முழுத் தெளிவுள்ள மெயின் ஸ்ட்ரீம் வேண்டாம், தெளிவு குறைந்த, இலேசான சப் ஸ்ட்ரீமின் முகவரியைக் கொடுங்கள். படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் பல டிவிகள் ஒரே நேரத்தில் பார்த்தாலும் திணறாது. ஓரிரு நொடி தாமதம் இருக்கும். செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் நிற்பது பக்கத்து வீட்டு அக்காதான் என்று அம்மா கட்டிலிலிருந்தே சொல்லிவிடுகிறார்.

மாடுலேட்டர் (கேமரா படத்தை டிவி சேனல் போல மாற்றும் கருவி) வைத்து ஆன்டெனா கம்பியில் அனுப்பலாம் என்று கடையில் சொல்வார்கள். வீவக வீட்டில் (சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடு) அது பல வீடுகளுக்குப் பொதுவான கம்பி. மாடுலேட்டரைச் சுவரில் உள்ள ஆன்டெனா புள்ளியில் தயவுசெய்து செருகாதீர்கள்.

அப்புறம், கேமரா எதிர்வீட்டுக் கதவையோ ஜன்னலையோ பார்க்கக் கூடாது. ரெக்கார்டரின் பழைய கடவுச்சொல்லையும் இன்றே மாற்றிவிடுங்கள்.