லொறி முற்றம்: வாசகர் கேள்வி, நமது பதில்

கேள்வி: தேயிலை கொண்டுபோகும் பிரைம் மூவருக்கு (டிரெய்லரை இழுக்கும் லொறித் தலைக்கு) எல்லாச் சக்கரத்திலும் 295/80 ஆர் 22.5 டயர்தான். 315/80 மலிவாகக் கிடைக்கிறது. பின்னால் போடலாமா, ஐயா? ரீபில்ட் டயரை (பழைய டயருக்குப் புது மேற்பரப்பு ஒட்டியதை) முன்னால் போடுவது சரியா?
- வாசகர், ஹட்டன்

பதில்: முதலில் ரிம்மில் பொறித்திருக்கும் அகலத்தைப் பாருங்கள். 295, 315 என்பவை டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 295க்கு 8.25 அங்குல ரிம் போதும். 315க்கு உரியது 9 அங்குலம். பழைய ரிம்மிலேயே ஏற்றினால், பின்னால் பக்கம்பக்கமாக ஓடும் இரட்டைச் சக்கரங்களின் இடைவெளி குறையும். லோட் ஏறியதும் பக்கச்சுவர்கள் உரசிச் சூடாகும். கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் சூடும் அதோடு சேர்ந்தால் வெடிப்புதான்.

இன்னொன்று, 295 டயரின் உயரம் சுமார் 1044 மி.மீ., 315 சுமார் 1076. பின்னால் இந்த 3 சதவீதம் கூடினால் ஏற்றத்தில் இழுவை குறையும், அடிக்கடி கியர் இறக்க வேண்டிவரும். வேகமானியும் 60 காட்டும்போது உண்மையில் 62 ஓடும். மலைப்பாதைக்கு வேண்டாம் என்பதே நம் கருத்து.

முன் அச்சில் சுமைக் குறியீடுதான் முக்கியம்; டயர் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண் அது, பக்கச்சுவரில் இருக்கும். 152 என்றால் ஒற்றை டயருக்கு 3550 கிலோ, இரண்டுக்கும் 7100. அச்சு தாங்கும் எடையைக் காட்டும் தகட்டில் 7500 கிலோ என்றிருந்தால் 154 தேவை, ஒரு டயருக்கு 3750. முன்னால் நேர்வரிப் பட்டன் (மேற்பரப்பில் நேர்நேரான பள்ளங்கள்) உள்ள புது டயர் போடுங்கள். ரீபில்ட் பின்னாலேயே இருக்கட்டும். முன்டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

பின் ஜோடி மாற்றும்போது இரண்டின் உயர வித்தியாசம் 6 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். மீறினால் உயரமானது சுமையைத் தனியாகத் தாங்கும், சின்னது தேய்ந்தே தீரும். புதியதையும் பழையதையும் ஜோடி சேர்ப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.