சிஏ-125 ஏறியிருக்கு, வயித்துல தண்ணி... கேன்சர்தானா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு. மூணு மாசமா வயிறு உப்பிக்கிட்டே போகுது, மூச்சு வாங்குது. ஸ்கேன்ல வலது சினைப்பைல 11 செ.மீ. கெட்டியான கட்டி, வயித்துலயும் வலது நுரையீரலைச் சுத்தியும் தண்ணி. ரத்தத்துல சிஏ-125 (சினைப்பைக் கேன்சர் சந்தேகம் வந்தா பாக்கற ஒரு புரதம்) அளவு 420. முத்தின கேன்சர், உடனே கீமோ ஆரம்பிக்கணும்னு சொல்றாங்க. வேற எதுவுமா இருக்க வாய்ப்பே இல்லையா டாக்டர்?

பதில்: இருக்கும்மா. கேன்சர் இல்லவே இல்லன்னு நான் சொல்ல வரல, இந்த வயசுல இப்படி ஒரு ரிப்போர்ட்டப் பாத்தா எந்த டாக்டருக்கும் முதல்ல அந்தச் சந்தேகம்தான் வரும், வரணும். ஆனா சந்தேகம் வேற, உறுதியாகறது வேற.

சினைப்பைல ஃபைப்ரோமான்னு ஒரு சாதாரண கட்டி வரும், பரவாது. ரொம்ப கொஞ்ச பேருக்கு அது கூடவே வயித்துல தண்ணி சேரும், அது அப்படியே மேல ஏறி நெஞ்சுக்கும் போயிடும், பெரும்பாலும் வலது பக்கம். 1937ல ஜோ மெய்க்ஸ்ங்கற டாக்டர் இதப்பத்தி எழுதினாரு, அதனால மெய்க்ஸ் சிண்ட்ரோம்னு பேரு. கட்டிய எடுத்துட்டா தண்ணி தானா வத்திடும். நான் ஆபரேஷன் பண்ண ஒரு அம்மாவுக்கு இதே கதைதான், வெட்டிப் பாத்தா உள்ள வெள்ளையா, ரப்பர் மாதிரி கெட்டியா இருந்துச்சு, ரெண்டே வாரத்துல நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம்.

அப்போ 420? சிஏ-125 கட்டிலருந்துதான் வரணும்னு இல்ல. வயித்தோட உள்சவ்வு உறுத்தலானாலே ஏறும், தண்ணி சேந்தாலே ஏறும். நார்மல் எல்லையான 35ஐத் தாண்டினதும் லேப்ல கொட்டை எழுத்துல போட்டுடறாங்க, வீடே அழுது. ஸ்கேன்ல "சந்தேகம்"னு எழுதினத அடுத்த டாக்டர் அப்படியே காப்பி பண்றாரு, மூணாவது இடத்துக்குப் போறதுக்குள்ள அது "கேன்சர்"னே ஆயிடுது, நடுவுல ஒருத்தர் கூட திசுவப் பாக்கல. எத்தன வருஷமா இதச் சொல்லிட்டு இருக்கேன், மாறவே மாட்டேங்குது.

இன்னொன்னையும் மறக்காதீங்க, வயித்து டிபி. இதுலயும் தண்ணி, இதுலயும் சிஏ-125 நூத்துக்கணக்குல ஏறும், எடை குறையும், சினைப்பைய சுத்தி எல்லாம் ஒட்டிக்கிட்டு ஸ்கேன்ல கட்டி மாதிரியே தெரியும். வயித்துத் தண்ணிய எடுக்கறப்ப ஏடிஏ டெஸ்ட்டும் (டிபி இருந்தா அந்தத் தண்ணில ஏறற ஒரு என்சைம பாக்கறது) சேத்துக் கேளுங்க. அதுல சந்தேகம் வந்தா லேப்ராஸ்கோப்பி வழியா உள்சவ்வுலருந்து துளி சதை எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும். மாத்திரையிலயே குணமாகற வியாதிக்கு கர்ப்பப்பை சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டு, அப்புறம் ரிப்போர்ட்ல டிபின்னு வந்தத நான் பாத்திருக்கேன், மனசு ஆறாது.

ஆனா தண்ணில கேன்சர் செல் இல்லன்னு வந்துட்டா நிம்மதியாயிடாதீங்க, கேன்சர் இருந்தும் தண்ணில தெரியாம போகலாம். எம்ஆர்ஐ எடுங்க, ஃபைப்ரோமா அதுல கருப்பா தெரியும், ஓரளவு துப்பு கிடைக்கும். கட்டில ஊசி போட்டு எடுக்கறேன்னு யாராவது சொன்னா சட்டுனு ஒத்துக்காதீங்க, ஒருவேளை கேன்சரா இருந்தா உள்ள சிந்திடும். பெண்கள் கேன்சர் ஆபரேஷன்ல பழகின சர்ஜன்கிட்ட போங்க, கட்டிய உடைக்காம முழுசா எடுப்பீங்களா, தியேட்டர்லயே ஃப்ரோஸன் செக்ஷன் (கட்டித் துண்ட உறைய வச்சு உடனே மைக்ரோஸ்கோப்ல பாக்கறது) பாக்க முடியுமான்னு கேளுங்க. அர மணி நேரத்துல ஓரளவு சொல்லிடுவாங்க, அத வச்சுத்தான் மேற்கொண்டு எவ்வளவு எடுக்கணும்னு முடிவு பண்ணணும்.

இந்த நேரத்துலதான் ஆளுங்க வருவாங்க. கமிஷனுக்கு ஆஸ்பத்திரி காட்டற புரோக்கர், கீமோ பேக்கேஜுக்கு இன்னைக்கே அட்வான்ஸ் கட்டச் சொல்றவரு, கட்டிய மருந்துலயே கரைக்கறேன்னு சொல்றவரு. 11 செ.மீ. ஃபைப்ரோமா எந்த லேகியத்துக்கும் கரையாது. கேன்சர்னு திசுவுல உறுதியானவங்கள்ல சில பேருக்கு ஆபரேஷனுக்கு முன்னாடியே கீமோ குடுக்கறது உண்டு, அது சரியான வைத்தியம்தான். வெறும் ஸ்கேனையும் 420ஐயும் வச்சுக் குடுக்கறது சரியில்ல. அதுக்காக மாசக்கணக்குல தள்ளிப் போடாதீங்க, இந்த வாரமே சர்ஜனப் பாருங்க. மூச்சு ரொம்ப வாங்கினா நெஞ்சுத் தண்ணிய முதல்ல எடுக்கச் சொல்லுங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் பயாப்சி ரிப்போர்ட்டோட ஸ்லைடு (திசு ஒட்டின கண்ணாடித் துண்டு), பிளாக் (திசு பதிச்ச மெழுகுக் கட்டி) ரெண்டையும் கேட்டு வாங்கி வச்சுக்கங்க, இன்னொரு பெத்தாலஜிஸ்ட் பாக்கணும்னா அது இல்லாம முடியாது.