எம்35ஏ2 லாரி: அடிக்கடி எரிந்துபோகும் டேஷ்போர்டு பல்பும் ஒலிக்காத பஸ்ஸரும்

வணக்கம் நண்பரே. ஹைபீம் இண்டிகேட்டர் பல்பு மாதம் ஒன்று போகிறது, பிரேக்குக்கான காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் பஸ்ஸர் ஒலிப்பதே இல்லை என்று கேட்டிருந்தீர்கள்.

பல்பு விஷயம் எளிது. இந்த அமெரிக்க ராணுவ லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. சார்ஜ் ஆகும்போது 28 வரை ஏறும். சாதாரண கார் பல்பு தாங்காது. 28 வோல்ட் பல்பே போடுங்கள். மீட்டரில் 30 வோல்ட்டைத் தாண்டினால், சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள். கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை எடுத்துவிடுங்கள். ஹோல்டரில் பச்சைத் துரு இருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

பஸ்ஸர்தான் எனக்குக் கவலை. அது சரியாகும்வரை தயவுசெய்து வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காற்று நிரம்பியதும் எஞ்சினை நிறுத்தி, சுவிட்சை மட்டும் ஆனில் வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருங்கள். அழுத்தம் சுமார் 60 பிஎஸ்ஐக்கு இறங்கும்போது அலற வேண்டும். அலறாவிட்டால் பஸ்ஸருக்கு நேராக 24 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். ஒலித்தால் கோளாறு பிரஷர் சுவிட்சிலோ வயரிலோ எர்த்திலோதான். எர்த்திலிருந்து தொடங்குங்கள், பழைய வண்டிகளில் பெரும்பாலும் அதுவே.

இன்னொன்று. பஸ்ஸர் காற்றை மட்டுமே கவனிக்கிறது. ஆனால் காற்று பிரேக் மிதிக்கு உதவி மட்டுமே, சக்கரங்களில் பிரேக்கைப் பிடிக்கவைப்பது ஆயில்தான். இந்த வண்டியில் பிரேக் ஆயில் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே லைனில் போகிறது. ஒரு குழாய் வெடித்தாலும் பிரேக் மொத்தமாகப் போய்விடும், பஸ்ஸர் வாயே திறக்காது. ஆகவே ஆயில் அளவையும் குழாய்களையும் ஒவ்வொரு முறையும் கண்ணால் பாருங்கள்.