கிராஸ் பாடி: ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

அம்மாவுக்கு 78 வயது. கடையில் வாங்கும் பிராவின் எலாஸ்டிக் படுகிற இடமெல்லாம் வேர்க்குரு. டிரங்குப் பெட்டியில் அவருடைய பழைய பாடி ஒன்று கிடைத்தது. லாங் கிளாத் என்கிற வெள்ளைப் பருத்தித் துணி, எலாஸ்டிக்கே கிடையாது. அதையே மாதிரிக்குக் கொடுத்துப் புதிதாகத் தைத்தோம். கையைத் தூக்கினால் மேலே ஏறிக்கொள்கிறது. இரண்டே துவைப்பில் இறுகி, கொக்கிப் பட்டியும் கிழிந்துவிட்டது. அளவெல்லாம் பழையதேதான். எங்கே தவறு?

வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

டெய்லர் அளவைப் பார்த்தார், நூலோட்டத்தைப் பார்க்கவில்லை. பழைய பாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீழ்ப்பட்டியில் நூல் உடம்பைச் சுற்றி நேராக ஓடும். மார்புத் துண்டில் அதே நூல் மூலைவாட்டில் சாய்ந்திருக்கும். இதுதான் கிராஸ் கட்டிங். நெய்த பருத்தித் துணி நேர்வாக்கில் இழுத்தால் நீண்டு கொடுக்காது, மூலைவாட்டில்தான் நீண்டு கொடுக்கும். அந்தக் காலத்துப் பாடிக்கு அந்த இழுவைதான் எலாஸ்டிக். எல்லாத் துண்டையும் நேராக வெட்டிவிட்டால், கை உயரும்போது மார்புத் துண்டு நீள வழியில்லாமல் கீழ்ப்பட்டியையும் தூக்கிக்கொண்டு போகும். கிராஸாக வெட்டினால் மூலையெல்லாம் வீணாகும், துணி கூடுதலாகப் பிடிக்கும். அரை மீட்டர் போதும் என்கிறவர் நேராகத்தான் வெட்டப்போகிறார். முக்கால் மீட்டராவது கொடுங்கள்.

இறுகியதற்குக் காரணம், நனைக்காத துணி. புது லாங் கிளாத் முதல் துவைப்புகளில் நூற்றுக்கு நாலைந்து சுருங்கும். 34 அங்குலச் சுற்றளவில் அது ஒன்றரை அங்குலம். இரவு முழுக்க ஊறவைத்து, முறுக்காமல் காயவைத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிட்டு வெட்டச் சொல்லுங்கள். அளவை அம்மாவை உட்காரவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுக்க வேண்டும். நின்றபடி எடுத்த அளவில் தைத்தது, உட்கார்ந்ததும் விலாவைப் பிடிக்கும்.

அப்படி இறுகிய பாரமெல்லாம் கொக்கிப் பட்டியில்தான் விழுந்திருக்கிறது. பட்டிக்குள் இன்னொரு மடிப்புத் துணி வைத்து, ஐந்து கொக்கி போடுங்கள். கொக்கியின் கால் வளையங்களை மட்டும் தைத்தால் அது நிமிர்ந்துகொண்டு துணியை அறுக்கும். வளைந்த தலைக்கு அடியிலும் இரண்டு தையல் வேண்டும். எதிர்ப் பக்கம் நூல் கண்ணியை அரை அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை போட்டால் உடம்பு கூடக் குறைய மாற்றிக்கொள்ளலாம். இரும்புக் கொக்கி வேர்வையில் துருப்பிடித்துக் கறையாக்கும், பித்தளையே கேளுங்கள். 78 வயதில் கை பின்னால் எட்டாது, திறப்பு முன்பக்கமே இருக்கட்டும்.

அன்றைய பாடியில் எலாஸ்டிக் இல்லாததைப் பத்தாம்பசலித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய எலாஸ்டிக் என்பது நூல் சுற்றிய ரப்பர் இழை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற உடம்பில் எண்ணெய் பட்டு ரப்பர் ஊறி இளகும், வெயிலில் காய்ந்தால் வெடிக்கும். வேலூர் வெயிலுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? லைக்ரா என்கிற இழுபடும் செயற்கை இழையை 1958இல்தான் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அது நம் தினப்படி உள்ளாடைக்கு வர இன்னும் வெகுகாலம் ஆனது.

ஆனால் வேர்க்குருவுக்கு எலாஸ்டிக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால், உப்பும் சோப்பும் சேர்ந்து பிசுக்காகத் துணியில் ஒட்டி விறைப்பாக்கும். மூன்று தண்ணீர் அலசுங்கள். அப்புறம், பாடியைக் கொடியில் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் வழக்கம் எத்தனையோ வீடுகளில் இன்னும் இருக்கிறது. யார் கண்ணில் பட்டுவிடும் என்று இந்த ஒளிப்போ தெரியவில்லை! அடியில் கிடக்கும் துணி மேலுக்குக் காய்ந்தாலும் மடித்துத் தைத்த பட்டிக்குள் ஈரம் நிற்கும். மறுநாள் அதையே போட்டால், பட்டி படுகிற இடத்தில் அரிக்கத்தான் செய்யும். கிராஸில் தைத்த புதுப் பாடியையும் அப்படியே காயப்போட்டால் அம்மாவுக்கு மறுபடி வேர்க்குரு வரும். மொட்டைமாடியில், தனிக் கொடியில், உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போடுங்கள்.