ஊருக்குக் கொண்டுபோகணும் என்றால் அசெம்பிள்தான்

தம்பி, நீங்கள் கேட்டது இது: "அண்ணாச்சி, சிங்கப்பூர் வந்து வேலையில் சேர்ந்துவிட்டேன். 1,500 வெள்ளிக்குள் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும். ரெடிமேடா வாங்கவா, பாகம் வாங்கி அசெம்பிள் பண்ணவா? ஊர் திரும்பும்போது பாளையங்கோட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்."

உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. அசெம்பிள் பண்ணுங்கள்.

ரெடிமேட் பெட்டிகள் பலவற்றில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்தந்தக் கம்பெனியின் சொந்த அளவில் இருக்கும். வேறு கேபினெட்டில் மாட்ட முடியாது. நாளைக்குப் பாளையங்கோட்டையில் பவர் சப்ளை போனால் அதே மாதிரி ஒன்று தேடி அலையணும். ஏடிஎக்ஸ் என்கிற பொது அளவில் உள்ள சாதாரண பவர் சப்ளை என்றால் அன்றைக்கே வாங்கி மாட்டிவிடலாம். அப்புறம், அட்டையில் 16 ஜிபி ராம் என்று போட்டிருப்பதைத் திறந்து பார்த்தால் சில பெட்டிகளில் ஒரே ஸ்டிக் இருக்கும். 8 ஜிபி இரண்டாகப் போட்டால்தான் ராமுக்கான இரண்டு சேனலும், அதாவது டேட்டா போகும் இரண்டு பாதையும், ஓடும். கேம் ஆடும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் ரெடிமேடுக்குச் சாதகமாக இருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. மெமரி தயாரிக்கும் மைக்ரான் கம்பெனி, நம்மைப் போன்றவர்களுக்கு ராம் விற்ற தன் க்ரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. பெரிய கம்பெனிகளிடம் பழைய ஸ்டாக் இருந்தால், அதே பாகங்களோடு ரெடிமேட் மலிவாகவும் கிடைக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், மதர்போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் (ஏடிஎக்ஸின் சின்ன அளவு)தானா, பவர் சப்ளை ஏடிஎக்ஸ்தானா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் தாராளமாக வாங்கலாம்.

அசெம்பிள் பண்ண, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற சிம் லிம் ஸ்குவேர் போங்கள். லிட்டில் இந்தியாவில் தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகும்போது நடந்தே போய்விடலாம். நாலு கடையில் விலைப்பட்டியல் வாங்கி ஒப்பிடுங்கள். சின்னக் கூலிக்கு அவர்களே மாட்டித் தருவார்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். ராம் ஸ்டிக்கை அழுத்தும்போது 'டக்' என்று கொக்கி பிடிக்கிற சத்தம் கேட்கணும். கிளம்பும் முன் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மதர்போர்டின் செட்டிங் பக்கமான பையாஸில், ராம் வேகத்துக்கான எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை ஆன் பண்ணவில்லை என்றால், காசு கொடுத்து வாங்கிய ராம் முழு வேகத்தில் ஓடாது. பில் பத்திரம்: பழுதான பொருள் வாங்கியவரைப் பாதுகாக்க 2012 முதல் இங்கே இருக்கிற லெமன் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் கோளாறு வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு.

பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டு கட்டுப்படியானால் அதையே எடுங்கள். புதிய கேம்களுக்கு கார்டில் 8 ஜிபி மெமரி இப்போதே இறுக்கமாக இருக்கிறது. கார்டுக்காக மிச்சம் பிடிக்க நினைத்துப் பெயர் தெரியாத பவர் சப்ளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கலர் லைட்டுக்குச் செலவழிக்கவே வேண்டாம்.

இனி ஊர்ப் பயணம். கண்ணாடி வைத்த கேபினெட்டை லக்கேஜில் போட்டால் உடைந்துதான் வந்து சேரும். அதை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு, ஊரில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் சொந்த அட்டைப்பெட்டியில் வையுங்கள். மாட்டியபடியே கொண்டுபோனால் அந்த எடைக்கு ஸ்லாட் முறிந்துவிடும். அதனால் காலி டப்பா எதையும் தூக்கிப் போடாதீர்கள். புராசஸர் மதர்போர்டிலேயே இருக்கட்டும். ஏஎம்டி புராசஸர் மாட்டும் ஏஎம்5 போர்டில் பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, தொட்டால் வளையும். இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான் என்பதால் பவர் கேபிளை மாற்றினால் போதும். சுங்கத்தில் கேட்டால் காட்ட பில் கையில் இருக்கட்டும். பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லும் என்பதால், கோளாறு எதுவும் இருந்தால் கிளம்பும் முன்பே இங்கே சரிபண்ணிவிடுங்கள்.

நம்மூர் வெயிலுக்கும் ஆடிக்காற்றில் வருகிற தூசிக்கும் தாங்கும்படி, முன்பக்கம் வலை ஃபில்டர் உள்ள கேபினெட்டாகப் பாருங்கள். மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் தட்டணும் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும்போது அடி வாங்காமல் இருக்க ஒரு யுபிஎஸ்ஸுக்கும் சேர்த்தே பணம் எடுத்து வையுங்கள்.