பூட்டிய மனநலப் பிரிவு சிறையின் மறுபெயரா?

அரசு மருத்துவமனைகளில் குற்றவழக்கில் சிக்கிய மனநோயாளிகளுக்கான பூட்டிய பிரிவு, நடைமுறையில் சிறைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பூட்டும் சாவியும் இரண்டிலும் உண்டு. ஒற்றுமை பெரும்பாலும் அத்துடன் சரி.

இங்கிருப்பவர் தண்டனை பெறாதவராகவும் இருக்கலாம்: விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலை இல்லாதவர், அல்லது நோயின் காரணமாகக் குற்றப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டவர். பலருக்கு வெளியேறும் தேதி முன்கூட்டியே தெரியாது.

பாதுகாப்பை மூன்றாகப் பிரிப்பார்கள். சுவர், கதவு, கேமரா முதல் வகை. உடைமைச் சோதனை, சாவிக் கணக்கு, சாப்பாட்டுக்குப் பின் கரண்டிகளை எண்ணுவது இரண்டாவது. பிரிவைத் தாங்கி நிற்பது மூன்றாவதுதான்: நோயாளியைச் செவிலியர் அறிந்துவைத்திருப்பது. நேற்றுவரை கலகலப்பாக இருந்தவர் இன்று யாரைத் தவிர்க்கிறார், ஏன் தூங்கவில்லை என்பதைக் கேமரா சொல்லாது. தற்காலிக ஊழியர்களைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பலாம். பழக்கத்தை நிரப்ப முடியாது. செலவுக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பதே நிர்வாகியின் பாதி வேலை.

வன்முறை அபாயத்தை மதிப்பிட ஹெச்.சி.ஆர்-20 போன்ற மதிப்பீட்டுப் படிவங்கள் உள்ளன. அதன் 20 அம்சங்களில் 10 கடந்தகாலம் பற்றியவை. சிகிச்சையால் பழையதை அழிக்க முடியாது. மீதிப் பத்தில்தான் மருத்துவக் குழுவுக்கு வேலை. மதிப்பெண்ணைக் கூட்டித் தீர்ப்புச் சொல்வது அதன் நோக்கமல்ல.

நோயாளியின் உடலைக் கட்டுப்படுத்திவைப்பது கடைசி வழி. ஒவ்வொரு முறையும் பதிவாக வேண்டும். வெளியே அனுப்புவது படிப்படியாக நடக்கும்: முதலில் ஊழியர் துணையுடன் தோட்டம் வரை, பிறகு வளாகத்துக்குள், பிறகு தனியாகச் சிறிது நேரம்.